பன்னீர் ரோஜான்னா எந்த ரோஜா?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், வட்டி, தணிக்கை பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது ரோஜாச் செடியைப் பற்றி. "பொதுக்குழுவுல ரோஜாவப் பத்திப் பேச என்ன இருக்கு?"ன்னு யாரும் நினைச்சிராதீங்க. இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் ரோஜா போடுவதற்குக் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றன. இரண்டு குழு உதிரிப்பூ வியாபாரத்துக்கு. ஒரு குழு குல்கந்து செய்து விற்பதற்கு. மூன்று விண்ணப்பத்திலும் "பன்னீர் ரோஜாக் கன்று வாங்க" என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறது. அந்த ஒரு பேருக்குள்ளே நாலைந்து விதமான செடி ஒளிந்திருக்கிறது. கடன் கையெழுத்தாவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு கேள்வி. யார் யார் வீட்டில் பன்னீர் ரோஜா இருக்கு? கை தூக்குங்க. பாதிப் பேருக்கு மேலே இருக்கு, சந்தோஷம். அதிலே வருஷம் முழுக்கப் பூக்கிற செடி எத்தனை பேர் வீட்டில்? கை அப்படியே நிற்குது. சரி, இலையைக் கசக்காமல் தொட்டுப் பார்த்தால் வழவழப்பா, சொரசொரப்பா? இப்போ பாருங்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறீங்க. பூவைத் தினம் பறிக்கிறோம், இலையைப் பார்க்கிறதில்லை. ரோஜாவில் ஏமாறுகிற இடம் அதுதான்.

நான் பூக்கட்டுகிறவள். எங்க அம்மாவும் ஆச்சியும் அதே தொழில். வீட்டுக்குப் பின்னால் ரோஜாக் குச்சி ஊன்றிக் கன்று எடுத்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. தோட்டக்கலைத் துறைக்காரர்கள் பயிற்சியில் சொன்னதைக் கேட்டது, புத்தகத்தில் பார்த்தது, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பேரும் குழுப் பேரும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து 15 சென்ட் இடம் குத்தகைக்கு எடுத்து, குழிக்குக் குழி 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளி விட்டு, 300 கன்று நட்டார்கள். குல்கந்து செய்கிற ஒரு வியாபாரி பூ முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கன்று வெளியூரிலிருந்து வந்தது. நன்றாகத் தண்ணீர் விட்டார்கள், சாணி உரம் போட்டார்கள், செடியும் செழித்தது. கொத்துக் கொத்தாகப் பூவும் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. வியாபாரி வந்து நாலு இதழை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். "இது நமக்கு ஆகாதும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பூவில் மணமே இல்லை.

கன்று கொடுத்தவரிடம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "நீங்க பன்னீர் ரோஜா கேட்டீங்க. எங்க ஊர்ல இதைத்தான் பன்னீர் ரோஜாங்கோம்." அவர் பொய் சொல்லவில்லை. நம்ம சகோதரிகளும் தப்பாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னார்கள், இரண்டு பேர் மனசிலும் வேறு வேறு செடி. அந்தக் கடனை இரண்டு வருஷம் பீடி சுத்துன கூலியிலிருந்து கட்டி முடித்தார்கள். இனி நம்ம கூட்டமைப்பில் எந்தக் குழுவுக்கும் அது நடக்கக் கூடாது.

பேர் குழப்பம் நமக்குப் புதுசு இல்லை. நாம் பிச்சி என்று சொல்கிற பூவை மதுரையில் போய்க் கேட்டால் ஜாதிமல்லி என்பார்கள். பேர் இரண்டு, பூ ஒன்று. பன்னீர் என்ற பேரையே எடுத்துக்கோங்க. திருச்செந்தூரில் விபூதி மடித்துக் கொடுக்கிற இலை பன்னீர் மரத்து இலை. அந்த மரத்துக்கும் ரோஜாவுக்கும் எந்த உறவும் கிடையாது. பேர் ஒன்று, செடி இரண்டு. பிச்சி, பன்னீர் மரம் என்றால் நாம் கண்ணால் பார்த்துப் பிரித்துவிடுவோம். ரோஜாவிலோ எல்லாமே முள், எல்லாமே பல் வைத்த இலை, எல்லாமே ரோஸ் நிறம். அதனால் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்ம பக்கம் பன்னீர் ரோஜா என்று கைமாறுகிற செடிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது டமாஸ்க் ரோஜா. பன்னீரும் அத்தரும் வடிக்கிற உண்மையான ரோஜா இதுதான். பல்கேரியா நாட்டில் கசான்லக் பள்ளத்தாக்கில் எண்ணெய் எடுப்பது இதிலிருந்து. நம்ம நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் அத்தருக்குப் பேர் பெற்ற ஊர், ராஜஸ்தானில் புஷ்கர் குல்கந்துக்குப் பேர் பெற்ற ஊர். அங்கெல்லாம் வளர்வது இந்த டமாஸ்க். புஷ்கர் பக்கம் இதைச் 'சைத்தி குலாப்' என்பார்கள். சித்திரை ரோஜா என்று அர்த்தம். ஏன் அந்தப் பேர்? வருஷத்தில் அந்த ஒரு பருவத்தில்தான் கொட்டிப் பூக்கும். பங்குனி, சித்திரை முடிந்தால் அடுத்த வருஷம்தான். நல்ல குளிர்காலம் கிடைக்கிற இடத்தில்தான் இது செழிப்பாகப் பூக்கும். நம்ம சமவெளியில் அந்தக் குளிர் எங்கே இருக்கு?

இரண்டாவது எட்வர்டு ரோஜா. தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்குப் போடச் சொல்லித் தோட்டக்கலைக்காரர்கள் பரிந்துரைக்கிற நாட்டு ரோஜா இது. ரோஸ் நிறம், நிறைய இதழ், நல்ல மணம், வருஷம் முழுக்க விட்டு விட்டுப் பூக்கும். இப்போ கை தூக்கினீங்களே, வருஷம் முழுக்கப் பூக்கிற மணமுள்ள பன்னீர் ரோஜா என்று? அதில் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

எட்வர்டு என்றதும் ஏதோ வெள்ளைக்கார ராஜா பேர் என்று நினைப்போம். அது இல்லை. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை முன்னாடி பூர்பொன் தீவு என்று சொன்னார்கள். அங்கே தோட்டத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாவைச் சேர்த்து வைப்பது வழக்கம். ஒன்று டமாஸ்க், இன்னொன்று சீனத்து ரோஜா. இரண்டும் தானாகக் கலந்து, மூன்றாவதாக ஒரு புதுச் செடி முளைத்தது. ஊர்க்காரர்கள் அதை 'ரோஸ் எடுவார்' என்றார்கள். 1817-ல் அந்தத் தீவுக்கு வந்த பிரெயோன் என்ற தாவர அறிஞர் அதைக் கவனித்தார். 1819-ல் அதன் விதை பாரிசுக்குப் போனது. எடுவார் என்பதுதான் நம்ம வாயில் எட்வர்டு ஆகிவிட்டது. அதே தீவுக்குப் பிற்பாடு கரும்புத் தோட்ட வேலைக்கு நம்ம தமிழ் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்றைக்கும் அவர்கள் வம்சம் அங்கே கோயில் கட்டிக் கும்பிடுகிறது. ஆகவே எட்வர்டு ரோஜாவுக்கு டமாஸ்க் அம்மா என்றால் சீனத்து ரோஜா அப்பா என்று வைத்துக்கோங்க. மணம் ஒரு பக்கத்திலிருந்தும், ஓயாமல் பூக்கிற குணம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது.

மூன்றாவது அந்தச் சீனத்து ரோஜாவும் அதன் வழி வந்த சின்னப் பூ வகைகளும். நாம் பட்டன் ரோஜா என்கிறோமே, அதெல்லாம் இந்தக் குடும்பத்துச் சாயல். ஓயாமல் பூக்கும், மணம் மிகக் கொஞ்சம் அல்லது கிடையாது. ஐரோப்பாக்காரர்கள் இந்தச் சீனத்து ரோஜாவை 'வங்காள ரோஜா' என்றார்கள். செடி பிறந்தது சீனாவில், கப்பல் ஏறினது கல்கத்தாவில், அதனால் பேர் வங்காளம். பாருங்க, பேர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை, பெரிய பெரிய துரைமார்களுக்கும் இருந்திருக்கு.

நாலாவது சிவப்பு நாட்டு ரோஜாக்கள். சந்தையில் ஆந்திரா ரோஜா என்று சிவப்பாக ஒன்று வருகிறதே, அது மாலைக்கு நல்ல பூ. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 'க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' என்று 1897-ல் வெளிவந்த ஒரு சிவப்பு ரோஜாவை உதிரிப்பூவுக்கு நிறையப் போடுகிறார்கள். அதற்கு மணமும் உண்டு. ஆனால் சிவப்பு என்பதாலேயே பன்னீர் ரோஜா ஆகாது, ரோஸ் நிறம் என்பதாலேயும் ஆகாது. நிறத்தை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். செடியைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? ஆறு இடம் பார்க்க வேண்டும். விரல் விட்டு எண்ணிக்கோங்க.

ஒன்று, முள். டமாஸ்க் தண்டில் பெரிய கொக்கி முள்ளும், அதற்கு நடுவே ஊசி மாதிரி பொடி முள்ளும் ஒழுங்கில்லாமல் நெருக்கமாக இருக்கும். கை வைக்கவே யோசிக்க வேண்டும். எட்வர்டில் முள் இருக்கும், ஆனால் இடைவெளி விட்டு, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சீனத்து ரோஜாவில் முள் இன்னும் குறைவு, தண்டு வழவழப்பு.

இரண்டு, இலை. டமாஸ்க் இலை சாம்பல் பூத்த பச்சை, பளபளப்பு இல்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கம் தடவினால் பூனை முடி மாதிரி மெத்தென்று இருக்கும். எட்வர்டு இலை அகலம், மேலே கொஞ்சம் பளபளப்பு, அடிப்பக்கம் முடி குறைவு. சீனத்து ரோஜா இலை மெல்லிசு, நுனி கூர்மை, இரண்டு பக்கமும் வழவழப்பு, ஒரு காம்பில் 3 அல்லது 5 சிற்றிலைதான் இருக்கும்.

மூன்று, மொட்டும் அதன் காம்பும். டமாஸ்க் மொட்டுக்கு அடியில் காம்பைத் தடவினால் பொடிப்பொடியாக முடி இருக்கும், விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். அதை மோந்து பார்த்தாலே மணம் வரும். மொட்டை மூடியிருக்கிற பச்சை இதழ் நீளமாக, மொட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், பூ விரிந்ததும் பின்னால் மடங்கிவிடும். சீனத்து ரோஜாவில் காம்பு பெரும்பாலும் வழவழப்பு. எட்வர்டு இரண்டுக்கும் நடுவாந்திரம். பிள்ளைக்கு அம்மா சாயலும் இருக்கும், அப்பா சாயலும் இருக்கும் இல்லையா, அதே கதைதான்.

நாலு, பூ வயசாகும்போது நிறம். இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், வீட்டில் போய்ப் பார்த்துக்கோங்க. டமாஸ்க் பூ வெயிலில் நேரம் ஆக ஆக வெளிறும். சீனத்து ரோஜா வெயில் பட்டால் நிறம் கூடும், இளம் ரோஸாக விரிந்தது சாயங்காலம் அடர்ந்து நிற்கும். காலையில் ஒரு பூவுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, மாலையில் பாருங்க.

ஐந்து, காய். நாம் பூவைப் பறித்துவிடுவதால் ரோஜாக் காயைப் பார்த்திருக்கவே மாட்டோம். ஒரு கிளையில் இரண்டு பூவை மட்டும் விட்டு வையுங்க. டமாஸ்க் காய் பிடித்தால் நீளவாக்கில், மேலே முடியோடு இருக்கும். உருண்டையாக மொழுமொழுவென்று காய்த்தால் அது டமாஸ்க் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆறு, பூக்கிற காலம். இதுதான் பொய் சொல்லாத சாட்சி. வீட்டுக் காலண்டரில் பூத்த நாளை எல்லாம் ஒரு புள்ளி வைத்து வாங்க. வருஷ முடிவில் புள்ளி எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் ஒரு பருவச் செடி. மாதா மாதம் சிதறி இருந்தால் மறுபூப்பு உள்ள செடி. டமாஸ்க்கிலேயே இரண்டாம் தடவை கொஞ்சம் பூக்கிற வகையும் உண்டு, ஆனால் எட்வர்டு மாதிரி ஓயாமல் பூக்காது.

இந்த ஆறில் ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீங்க. பெண் பார்க்கப் போனால் மூக்கை மட்டுமா பார்க்கிறோம்? நாலு அடையாளமாவது ஒத்துப் போக வேண்டும். கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிவது ஒன்றாக இருப்பதும் உண்டு. 2000-ம் ஆண்டு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் பழைய டமாஸ்க் ரோஜாக்களின் மரபணுவைச் சோதித்தார்கள். வேறு வேறு பேரில், வேறு வேறு மாதிரி பூக்கிற நாலு பழைய வகைகள் ஒரே மரபணுவைக் காட்டின. ஒரே செடியிலிருந்து பிரிந்தவை என்று தெரிந்தது. படித்தவர்களையே அத்தனை காலம் ஏமாற்றிய செடி இது. அதனால் நமக்குச் சந்தேகம் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கேட்காமல் பணம் கட்டுவதுதான் ஆபத்து.

இன்னொரு பெரிய குழப்பம் ஒட்டுச் செடியில் வருவது. "வாங்கும்போது பெரிய பூ பூத்துச்சு மதினி, இப்போ சின்னச் சின்ன வெள்ளைப் பூவா பூக்குது, கண் பட்டிருச்சு போல"ன்னு எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்ணும் படவில்லை, செடி நிறம் மாறவும் இல்லை. ஓசூர், பெங்களூர் பக்கத்திலிருந்து வருகிற ரோஜாவில் பெரும்பாலும் அடிக்கட்டை வேறு, மேலே ஒட்டிய கண் வேறு. அடிக்கட்டை முரட்டுச் செடி. நாம் கவனிக்காமல் விட்டால் ஒட்டுக்குக் கீழேயிருந்து தளிர் கிளம்பி, மேலே ஒட்டிய நல்ல ரோஜாவை அமுக்கிவிடும். நல்ல ரோஜா செத்துப் போகும், அடிக்கட்டை மட்டும் மிஞ்சும்.

அதைக் கண்டுபிடிக்கிற வழி சொல்கிறேன். "ஏழு இலை இருந்தா காட்டுத் தளிர், அஞ்சு இலை இருந்தா நல்ல தளிர்"ன்னு ஊரில் சொல்வார்கள். அது எப்போதும் சரி வராது, நல்ல ரோஜாவிலும் ஏழு இலை வரும். இலைக்காம்பு தண்டோடு சேர்கிற இடத்தைப் பாருங்க. அங்கே இரண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி பச்சையாக ஒட்டியிருக்கும். அந்தச் சிறகின் ஓரம் சீப்புப் பல் மாதிரி, குஞ்சம் மாதிரி பிரிபிரியாக இருந்தால் அது மல்டிஃப்ளோரா என்கிற அடிக்கட்டைச் செடியின் தளிர். மேலே பூக்கிற கிளையிலும் அதே சிறகைப் பார்த்து ஒப்பிடுங்க. அப்புறம் மண்ணை விலக்கி, தளிர் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று பாருங்க. ஒட்டுக்குக் கீழே என்றால் கத்தரியால் நறுக்காமல், பிறந்த இடத்தோடு பிய்த்து எடுத்துவிடுங்க. நறுக்கினால் ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும்.

குச்சி ஊன்றி வளர்த்த செடியில் இந்தத் தொல்லையே கிடையாது. வேரும் அதுவே, பூவும் அதுவே. எட்வர்டு ரோஜா குச்சியில் நன்றாக வேர் பிடிக்கும். ஐப்பசி முதல் மார்கழிக்குள் கவாத்துப் பண்ணும்போது வெட்டிப் போடுகிற குச்சியில், பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருப்பதாகப் பார்த்து எடுத்து ஊன்றினால் போதும். நம்ம பக்கம் அந்த நேரம் வடகிழக்கு மழை ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். நாமே கன்று எடுத்தால் பணமும் மிச்சம், தாய்ச்செடி எது என்று சந்தேகமும் இல்லை.

எந்தத் தேவைக்கு எந்தச் செடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் வருஷம் முழுக்கப் பூ வேண்டும். கோயில் கொடை, ஆடித் தபசு, கல்யாண முகூர்த்தம், கேரளாக்காரர்களின் ஓணம் என்று மாதா மாதம் தேவை இருக்கிறது. ஒரு பருவம் மட்டும் பூக்கிற செடி அதற்கு உதவாது. எட்வர்டோ சிவப்பு நாட்டு ரோஜாவோதான் சரி. குல்கந்துக்கு மணம் வேண்டும். கிலோவுக்குக் கிலோ கற்கண்டோ சீனியோ போட்டு, அடுக்கடுக்காக வைத்து, மூன்று நாலு வாரம் வெயில் காட்டினால் குல்கந்து. அதில் மணம் இதழிலிருந்துதான் வர வேண்டும். நம்ம ஊருக்கு அதற்கும் எட்வர்டுதான் தோது. மணமில்லாத பூவைப் போட்டுவிட்டுக் கடையில் எசென்ஸ் வாங்கி ஊற்றினால், வாங்குகிறவர் ஒரு தடவைதான் வாங்குவார்.

"டமாஸ்க் போட்டு ரோஜா எண்ணெய் எடுக்கலாமா?"ன்னு போன மாதம் ஒரு தங்கச்சி கேட்டாள். ஆசை நல்ல ஆசைதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். நம்ம 15 சென்டும் 20 சென்டும் அதற்குக் காணாது, நம்ம குளிரும் காணாது. அது இமயமலை அடிவாரத்துக்காரர்களுக்கும் கன்னோஜ்காரர்களுக்கும் உள்ள தொழில்.

குற்றாலம் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆனி, ஆடிச் சாரலில் இலை நாள் முழுக்க நனைந்திருக்கும். கரும்புள்ளி விழுந்து இலை உதிரும். அந்த நேரத்தில் இலை இல்லாத செடியைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. சீசனுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து ரோட்டோரம் கன்று விற்கிறவர்களிடம், பூவோடு நிற்கிறதே என்று வாங்கிவிடாதீங்க. கன்று வாங்குவதானால் தை, மாசியில், இலை நன்றாக இருக்கும்போது பார்த்து வாங்குங்க. நெருக்கி நடாதீங்க, காற்று புகுந்தால் இலை சீக்கிரம் காயும். உதிர்ந்த புள்ளி இலையைச் செடி அடியில் விடாமல் பெருக்கி எடுங்க. குல்கந்துக்குப் போடுகிற செடியில் மருந்து அடித்த பூவை ஒருபோதும் சேர்க்காதீங்க. சந்தையில் வாங்கிய பூவும் வேண்டாம், எந்த மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வாயில் போடுகிற பொருள், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துதான் விற்க வேண்டும்.

கடைசியாக, கூட்டமைப்பின் முன் நான்கு கோரிக்கை வைக்கிறேன்.

முதல் கோரிக்கை. ரோஜாக் கடன் விண்ணப்பத்தில் பன்னீர் ரோஜா என்று மட்டும் எழுதினால் ஏற்கக் கூடாது. என்ன தேவைக்கு, வருஷம் முழுக்கப் பூப்பதா ஒரு பருவமா, மணம் உண்டா, ஒட்டுக் கன்றா குச்சிக் கன்றா என்று நாலு வரி எழுதச் சொல்ல வேண்டும். கன்று விற்கிறவருக்குக் கொடுக்கிற ஆர்டரிலும் அதே நாலு வரி இருக்க வேண்டும். நாளைக்கு மாறி வந்தால் கேட்பதற்கு நம்ம கையில் காகிதம் இருக்கும்.

இரண்டாவது. முன்பணம் கட்டுவதற்கு முன் குழுவிலிருந்து இரண்டு பேராவது நேரில் போய், தாய்ச்செடியைப் பூவோடு பார்த்து, காலை வேளையில் மோந்து பார்த்து வர வேண்டும். வெயில் ஏறின பிறகு மோந்தால் நல்ல பூவிலும் மணம் குறைந்திருக்கும். முதலில் 10 கன்று வாங்கி வைத்து, பூத்த பிறகு மீதியை வாங்கினால் இன்னும் நல்லது. ஆறு மாதம் தாமதம் ஆகும், ஆனால் இரண்டு வருஷக் கடன் மிச்சம்.

மூன்றாவது. நம்ம உறுப்பினர்கள் வீட்டு முற்றத்தில், கிணற்றடியில், மாமியார் காலத்திலிருந்து நிற்கிற பழைய ரோஜாச் செடிகள் இருக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போதும், முற்றத்துக்கு சிமெண்டுத் தளம் போடும்போதும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. நம்ம வெயிலையும் சாரலையும் நம்ம கிணற்றுத் தண்ணீரையும் இத்தனை வருஷம் தாங்கிய செடியை எந்த நர்சரியிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்: யார் வீட்டுச் செடி, எங்கிருந்து வந்தது, எத்தனை வருஷம், வீட்டில் என்ன பேர் சொல்கிறார்கள், நான் சொன்ன ஆறு அடையாளம். சேமிப்புப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு எழுதுகிற கைக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. வயசான ஆச்சிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

நான்காவது. அந்த நோட்டில் நல்ல மணமும் நல்ல பூப்பும் உள்ளதாகத் தேறுகிற செடிகளிலிருந்து குச்சி எடுத்து, கூட்டமைப்புக்கென்று ஒரு தாய்ச்செடித் தோட்டம் போடலாம். ஒவ்வொரு செடிக்கும் யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு தகடு. அதிலிருந்து கன்று எடுத்து நம்ம குழுக்களுக்கே கொடுத்தால், கன்றுக்குக் கொடுக்கிற பணமும் கூட்டமைப்புக்குள்ளேயே சுற்றும். குச்சி ஊன்றக் கற்றுக் கொடுக்க நான் தயார், எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். பஸ் சார்ஜ் மட்டும் கொடுத்தால் போதும்.

சகோதரிகளே, குழுவில் சேர்ந்த புதிதில் நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்பது. அந்தப் பாடத்தை நாம் இன்றைக்கும் விடவில்லை. செடியும் ஒரு காகிதம் மாதிரிதான். முள்ளிலும் இலையிலும் காம்பிலும் எல்லாம் எழுதியிருக்கிறது. திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்க.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேஜையில் நாலு விதமான ரோஜாக் கிளை வைத்திருக்கிறேன். பேர் எழுதி ஒட்டவில்லை. தொட்டுப் பார்த்து, எது எதுன்னு நீங்களே சொல்லணும். முள் பத்திரம்.